நிறைகூடை நடையும் வெறுங்கூடை நடையும்: எமது நடைப் பகுப்பாய்வுச் செயற்றிட்டத்தில் எங்கே தவறினோம்?

கேள்வி: தலவாக்கலை மாணவி

வணக்கம். நாங்கள் நால்வர், பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள். மனித நடையை அசைவு உணரிகளின் தரவைக் கொண்டு பகுப்பாய்வு செய்வது எமது குழுச் செயற்றிட்டம். பாடநூல்களிலும் இணையத்தில் கிடைக்கும் தரவுத் தொகுதிகளிலும் நாங்கள் கண்ட நடை பெரும்பாலும் சமதரையில், சுமையில்லாமல், சப்பாத்து அணிந்து நடந்த நடையாகவே இருந்தது. எங்கள் ஊரில் அப்படி நடக்கும் நேரம் குறைவு. நால்வரில் இருவர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். எங்கள் தாய்மார் கூடையோடு மலையில் ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆகவே கொழுந்துச் சுமையோடு நடக்கும்போது நடையில் எது மாறுகிறது என்பதை அளந்து காட்டுவதையே தலைப்பாக எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு காலிலும் முழங்காலுக்குக் கீழே ஓர் எம்பியு-6050 அசைவு உணரியை இலாஸ்டிக் பட்டியால் கட்டி, ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்தியின் மூலம் எஸ்டி அட்டையில் பதிந்தோம். மூன்று அச்சுகளில் ஆர்முடுகல், மூன்று அச்சுகளில் கோணவேகம் என ஒரு காலுக்கு ஆறு எண்வரிசைகள் கிடைக்கின்றன. மழைத்தூறலுக்காகப் பெட்டியைப் பொலித்தீனால் சுற்றினோம். முதலில் மண்டபத்தின் சமதரையில் பன்னிரண்டு பேரை நடக்கச் செய்தோம். பின்னர் அதே பன்னிரண்டு பேரை, ஒரு தோட்டத்தில் மலைக்கும் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கும் இடையிலுள்ள மண்படிப் பாதையில், கூடையோடு நடக்கச் செய்தோம். அவர்களுள் எழுவர் கொழுந்து பறிப்பவர்கள். என் தாயாரும் அவர்களுள் ஒருவர்.

இப்போது இரண்டு இடங்களில் சிக்கி நிற்கிறோம்.

முதலாவது, அடிகளின் எண்ணிக்கையே பொருந்தவில்லை. கால் முன்னே வீசப்படும்போது கோணவேகம் உச்சத்துக்குப் போகும் என்பதால், ஒரு வாசிப்பு தன் இரு அயல் வாசிப்புகளையும்விடப் பெரிதாகவும், செக்கனுக்கு 200 பாகைக்கு மேலாகவும் இருந்தால் ஓரடி என்று கணக்கிடும் நிரலை நுண்கட்டுப்படுத்தியில் எழுதியிருக்கிறோம். மண்டபத்தில் பெரும்பாலானோருக்கு எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் வேகமாக நடக்கும் இருவருக்குப் பல அடிகள் விடுபட்டன. மலையிலிருந்து இறங்கும்போதோ நிலைமை மோசம். நான் பக்கத்தில் நடந்து வாயால் எண்ணிய 180 அடிகளில் நிரல் கண்டது 131 மட்டுமே. வேகமாக நடந்தாலும் தவறுகிறது, மெதுவாக இறங்கினாலும் தவறுகிறது என்றால் காரணம் ஒன்றாக இருக்க முடியுமா என்பது விளங்கவில்லை. வரைபுகளை, செக்கனுக்கு இருபது தடவைக்கு (20 ஹேர்ட்ஸ்) மேல் துடிக்கும் அதிர்வுகளை வெட்டும் பட்டர்வேர்த் வடிகட்டியால் வடித்துப் பார்த்தோம். அவை பார்வைக்கு அழகாகவே இருக்கின்றன.

இரண்டாவது, நிறைகூடையா வெறுங்கூடையா என்று பிரித்தறியும் ரேண்டம் பொரஸ்ட் என்ற, தரவிலிருந்து கற்கும் கணினி மாதிரி, எமது தரவை எழுந்தமானமாக இரண்டாகப் பிரித்து ஒன்றில் பயிற்றி மற்றதில் சோதித்தபோது நூற்றுக்கு 96 தடவை சரியாகச் சொன்னது. நாங்கள் மகிழ்ந்துபோனோம். பிறகு பதின்மூன்றாவதாக ஒருவரை அழைத்து, மண்டபத்தில் கூடையோடும் கூடையின்றியும் நடக்கவைத்துச் சோதித்தபோது, நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்வதற்கும் மாதிரி சொல்வதற்கும் வேறுபாடு இருக்கவில்லை.

குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இருவர் இன்னும் சிக்கலான ஆழ்கற்றல் மாதிரிக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். நானும் மற்றவரும் தரவிலேயே ஏதோ கோளாறு இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் எது என்று சுட்டிக்காட்ட எங்களால் முடியவில்லை. ஆறு வாரங்களில் அறிக்கை கொடுக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: சைகை முறைவழியாக்கத்தில் பணிபுரிபவர்

தங்கைக்கு வணக்கம். உணரிகள் தரும் தரவை ஆராய்வதே என் வேலை. மாதிரியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வடிகட்டாத மூலத்தரவை, வரைபாக அல்லாமல் எண்களாகத் திறந்து, வேகமாக நடந்த அந்த இருவரின் கோணவேக எண்வரிசையில் 32767 என்ற எண் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு தடவை அதே எண் வந்தால் உங்கள் முதற் சிக்கலில் பாதி அங்கேயே இருக்கிறது.

காரணம் இதுதான். எம்பியு-6050 இயங்கத் தொடங்கும்போது, நாம் வேறாகக் கட்டளையிடாவிட்டால், ஆர்முடுகலை 2 ஜி (புவியீர்ப்பைப்போல் இரு மடங்கு) வரையும் கோணவேகத்தைச் செக்கனுக்கு 250 பாகை வரையுமே அளக்கும். அந்த நிலையில் செக்கனுக்கு ஒரு பாகை என்பது 131 அலகுகள். 32767 ஐ 131 ஆல் வகுத்தால் 250 வருகிறது, அதற்கு மேலே அந்தப் பதினாறு பிட் எண்ணில் இடமில்லை. சாதாரணமாக நடக்கும் வளர்ந்தவரின் கீழ்க்கால் வீசும்போதே 250 பாகையைத் தாண்டிவிடக்கூடும். விரைந்து நடப்பவருக்கு அது நிச்சயம். அப்போது உச்சி வெட்டுண்டு தட்டையாகிவிடும். உங்கள் நிரல் இரு அயல் வாசிப்புகளையும்விடப் பெரிய வாசிப்பைத் தேடுகிறது. தட்டையான உச்சியில் எல்லாமே சமம் என்பதால் அப்படி ஒன்று கிடைக்காது, அந்த அடி எண்ணப்படாது. நீங்கள் வடிகட்டிய பின்பே வரைபைப் பார்த்திருக்கிறீர்கள். வடிகட்டி அந்தத் தட்டையான உச்சியை வழவழப்பாக உருட்டிக் குன்றுபோல் காட்டியிருக்கும். வரைபு அழகாக இருந்ததன் காரணம் அதுவாகவே இருக்க வேண்டும். அளவெல்லையைச் செக்கனுக்கு 1000 அல்லது 2000 பாகையாகவும், ஆர்முடுகலை 16 ஜி ஆகவும் உயர்த்துங்கள். குதிக்கால் தரையில் மோதும்போது எழும் கூர்மையான ஆர்முடுகல் 2 ஜிக்குள் அடங்குவதில்லை, இறங்கும்போது அது இன்னும் கூடும். எல்லையை உயர்த்தினால் நுணுக்கம் குறையும் என்று அஞ்ச வேண்டாம். 2000 பாகை எல்லையிலும் ஓரலகு செக்கனுக்கு ஏறத்தாழ 0.06 பாகைதான், நடைக்கு அது தாராளம்.

இறங்கும்போது அடிகள் விடுபடுவதற்குக் காரணம் நேர்மாறானது. சரிவில், அதுவும் வழுக்கும் மண்படியில், மனிதர் அடியைக் குறுக்கி நிதானமாக வைப்பார்கள். வீச்சின் உச்சம் உங்கள் 200 பாகை எல்லைக்குக் கீழே தங்கிவிடும். எல்லோருக்கும் எல்லாத் தரைக்கும் ஒரே எண்ணை எல்லையாக வைப்பது பொருந்தாது. அண்மையில் கண்ட ஏழெட்டு உச்சங்களின் இடையத்தை எடுத்து அதன் பாதியை எல்லையாக வைத்து, ஒரே காலின் இரு உச்சங்களுக்கிடையே குறைந்தது அரைச் செக்கன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துப் பாருங்கள். ஆக, உங்கள் ஐயம் சரியானது: காரணம் ஒன்றல்ல, இரண்டு.

நேரக்கணக்கையும் சரிபாருங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் பின் 10 மில்லிசெக்கன் தாமதம் வைத்துவிட்டு 100 ஹேர்ட்ஸ் என்று எழுதும் பழக்கம் மாணவர்களிடம் பரவலாக உண்டு. உணரியை வாசிக்கவும் அட்டையில் எழுதவும் 2 மில்லிசெக்கன் போனால் ஒரு சுற்று 12 மில்லிசெக்கன். உண்மை வீதம் ஏறத்தாழ 83 ஹேர்ட்ஸ். அதை 100 என்று கருதிக் கணித்தால் நிமிடத்துக்கு 110 அடி நடந்தவர் 132 அடி நடந்ததாகத் தோன்றும். எஸ்டி அட்டை இடையிடையே பல பத்து மில்லிசெக்கன் மறித்து நிற்பதும் உண்டு. ஒவ்வொரு வாசிப்போடும் மைக்ரோசெக்கன் நேரத்தைப் பதியுங்கள். வீதத்தைப் பதிவிலிருந்து கணியுங்கள், நிரலில் எழுதிய எண்ணிலிருந்து அல்ல.

96 பற்றி: எழுந்தமானமாகப் பிரித்ததுதான் பிழை. பதிவை இரண்டரைச் செக்கன் துண்டுகளாக, அதாவது சாளரங்களாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு வெட்டினால், பயிற்சிக்குப் போன சாளரத்தின் பாதி சோதனைக்குப் போன சாளரத்திலும் இருக்கும். மாதிரி சுமையைக் கற்கவில்லை, ஆளையே கற்றுக்கொண்டது. கைபேசியை இடுப்பில் கட்டிப் பதிந்த, 2012 இல் வெளியான, பலரும் பயன்படுத்தும், நடத்தல், இருத்தல் போன்ற ஆறு செயற்பாடுகளின் தரவுத் தொகுதியைப் பாருங்கள்: முப்பது பேர், 50 ஹேர்ட்ஸ், 2.56 செக்கன் சாளரம். அதில் 21 பேரின் தரவு பயிற்சிக்கு, 9 பேரின் தரவு சோதனைக்கு என ஆட்களைக் கொண்டே பிரித்திருக்கிறார்கள். நீங்கள் பன்னிரண்டு பேர்தான் என்பதால், ஒவ்வொருவராக வெளியே நிறுத்தி மற்றப் பதினொருவரில் பயிற்றிச் சோதியுங்கள். ஆழ்கற்றலுக்கு மாறினால் இந்தப் பிழை மறையாது. இன்னும் திறமையாக ஒளிந்துகொள்ளும்.

பதில்: இயன்மருத்துவர், கண்டி

பிள்ளைகளே, உங்கள் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முழங்கால் வலியோடு என்னிடம் வரும் தோட்டத்துப் பெண்கள், சமதரையில் நடந்து காட்டச் சொன்னால் நன்றாகவே நடந்து காட்டுவார்கள். வலி இறக்கத்தில்தான் வரும், என் அறையில் இறக்கம் இல்லை. ஆகவே நீங்கள் பாதையிலேயே அளக்க முயல்வது வீண்வேலை அல்ல.

சில விடயங்களைச் சொல்கிறேன். சமதரையில் சௌகரியமான வேகத்தில் நடக்கும்போது ஒரு நடைச்சுற்றில் ஏறத்தாழ 60 வீதம் பாதம் தரையில் ஊன்றியிருக்கும், 40 வீதம் காற்றில் வீசும். இரு பாதங்களும் ஒருங்கே தரையில் இருக்கும் நேரம் மொத்தம் 20 வீதமளவில் வரும். உங்கள் நிரலில் இந்த எண்களை ‘சரியான நடை’ என்று எழுதி, அதிலிருந்து விலகுவதைக் குறை என்று காட்டிவிடாதீர்கள். சுமை ஏறினால் இரு பாதங்களும் ஊன்றியிருக்கும் நேரம் கூடுவது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

இறங்கும்போது முழங்கால் மடிந்த நிலையில் உடற்பாரத்தை ஏந்துகிறது. தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, உடல் சரிந்து விழாமல் தடுக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; இறக்கத்தில் மூச்சு வாங்காது, ஆனால் மறுநாள் தொடை வலிக்கும். இரண்டும் வெவ்வேறு வேலைகள். இன்னொன்று: படியில் இறங்குபவர் பெரும்பாலும் குதிக்காலை முதலில் வைப்பதில்லை, பாதத்தின் முன்பகுதியையே முதலில் வைப்பார். குதிக்கால் மோதும் கூர்முனையைத் தேடும் நிரல் அங்கே ஒன்றும் காணாமல் திகைக்கும். சப்பாத்து, இறப்பர் செருப்பு, வெறுங்கால் என்ற வேறுபாட்டையும் ஒவ்வொரு பதிவிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியை எங்கே கட்டுகிறீர்கள்? கெண்டைத் தசையின்மேல் கட்டினால் ஒவ்வோர் அடிக்கும் தசை குலுங்குவதையும் உணரி பதியும். காலின் உட்புறமாகத் தோலுக்கு அடுத்தே தட்டையாகத் தட்டுப்படும் எலும்பின்மேல் வைத்துக் கட்டுங்கள். தொடங்குமுன் ஐந்து செக்கன் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். உணரி சற்றுச் சாய்ந்திருந்தால் அந்த ஐந்து செக்கனில் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு காலால் தரையை மூன்று முறை உதைக்கச் சொல்லி, அதைக் கைபேசியில் படம்பிடியுங்கள். அந்த மூன்று முனைகளைக் கொண்டு ஒளிப்பதிவையும் தரவையும் ஒரே நேரக்கோட்டில் பொருத்தலாம். வாயால் எண்ணிய 180 ஐவிட ஒளிப்பதிவு நம்பகமானது. சாதாரணப் பதிவில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிசெக்கன் போய்விடும். செக்கனுக்கு 240 சட்டம் எடுக்கும் வசதி கைபேசியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சம்மதம் பற்றி ஒரு சொல். அறநெறிக் குழுவின் அனுமதி எடுத்திருப்பீர்கள் என நம்புகிறேன். படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்து விளக்கிச் சொல்ல வேண்டும், மறுக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பறிக்கும் நேரத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள். அங்கே கொழுந்தின் நிறை சம்பளக் கணக்கில் ஏறுகிறது. உங்களுக்காக நின்ற பத்து நிமிடமும் அவர்களுக்கு நட்டம்.

மாணவியின் மறுமொழி

ஐயாவுக்கும் இயன்மருத்துவர் அக்காவுக்கும் நன்றி. நேற்றிரவே மூலத்தரவைத் திறந்தோம். வேகமாக நடந்த இருவரின் வலது காலில் இப்படி ஒரு தொடர் இருந்தது: 30112, 32490, 32767, 32767, 32767, 32767, 32767, 31804. பக்கம் பக்கமாக அதுவே. மூன்று மாதங்களாக அந்தக் கோப்புகளை வைத்திருந்தும் எண்களாக ஒருமுறையேனும் திறந்து பார்க்கவில்லை என்பது மனத்தை உறுத்தியது. நேரத்தையும் அளந்தோம், நாங்கள் 100 என்று எழுதிய வீதம் உண்மையில் 81 க்கும் 86 க்கும் இடையில் அலைந்திருக்கிறது. அனுமதி எடுத்தே செய்தோம், சம்மதப் படிவமும் தமிழிலேயே இருந்தது. ஆனால் பட்டியைக் கெண்டைத் தசையில்தான் கட்டியிருந்தோம்.

ஒவ்வொருவராக வெளியே நிறுத்திச் சோதித்தபோது மாதிரி நூற்றுக்கு 88 சரியாகச் சொல்கிறது. 96 இலிருந்து இறங்கினாலும் இது நேர்மையான எண் என்றே நினைத்தோம். ஆனால் ஒன்று விளங்கவில்லை. ஆளைக் கற்றதுதான் பிழை என்றால், புதிய ஆளுக்கும் 88 சொல்லும் மாதிரி, மண்டபத்தில் நடந்த அந்தப் பதின்மூன்றாமவரிடம் மட்டும் ஏன் இவ்வளவு தோற்றது? அவரது பதிவில் உச்சிகள் வெட்டுப்படவும் இல்லை.

பதில்: தோட்ட லயத்தில் வளர்ந்தவன்

நான் பொறியியலாளன் அல்லன். பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். ஆனால் அந்தப் பாதை எனக்குத் தெரியும், எந்தத் தோட்டத்திலும் அது ஏறக்குறைய ஒன்றே. தங்கச்சி, ஒரு கேள்வி: நீங்கள் பதிந்தபோது நிறைகூடை எந்தத் திசையில் போனது?

மலை மேலே, மடுவம் கீழே ரோட்டோரம். காலையில் வெறுங்கூடையோடு ஏறுவார்கள். கூடை நிறைந்ததும் நிறுப்பதற்கு இறங்குவார்கள். நிறுத்துக் கொட்டிவிட்டு மறுபடி வெறுங்கூடையோடு ஏறுவார்கள். என் அம்மா அப்படித்தான், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். நீங்களும் பாதையில் வழக்கமாக நடப்பதுபோலவே நடக்கச் சொல்லியிருந்தால், உங்கள் தரவில் நிறைகூடை என்ற பெயர் தாங்கிய ஒவ்வொரு நடையும் இறக்கம், வெறுங்கூடை என்ற பெயர் தாங்கிய ஒவ்வொரு நடையும் ஏற்றம். மாதிரிக்குச் சுமை என்றால் என்னவென்று தெரியாது. ஏறுவதா இறங்குவதா என்று பிரித்தால் போதும், விடை சரியாகிவிடும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிரிப்பது எவ்வளவு எளிது என்பதை மேலே அக்கா சொன்னதிலிருந்தே அறியலாம். ஆகவே அது புதிய ஆளிடமும் 88 வாங்கும். மண்டபத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அங்கே அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பதின்மூன்றாமவர் உங்கள் செயற்றிட்டத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பேன்.

இதற்கு மருந்து நிரலில் இல்லை, பாதையில் இருக்கிறது. அதே ஆள், அதே பாதை, நான்கு நடை: வெறுங்கூடையோடு ஏற்றம், வெறுங்கூடையோடு இறக்கம், நிறைகூடையோடு ஏற்றம், நிறைகூடையோடு இறக்கம். அதோடு சமதரையில் இரண்டு. நான்கையும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். நிறைகூடை ஏற்றம் எப்போதும் கடைசியாக வந்தால், சுமையின் விளைவோடு களைப்பின் விளைவும் கலந்துவிடும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். கூடையில் கொழுந்துக்குப் பதிலாக மணற்பை வைத்து, அவரவர் உடல் நிறையில் இத்தனை வீதம் என்று நிறுத்து வையுங்கள். கொழுந்து மழையில் நனைந்தால் நிறை கூடிவிடும், வெயிலில் வாடினால் குறையும், அதை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் மணலை அடியில் மட்டும் போட்டால் கூடை தொங்கும் விதம் மாறிவிடும். சாக்குத் துணியோ வைக்கோலோ இட்டு மணற்பையைக் கூடையின் நடுவுயரத்தில் நிற்கச் செய்யுங்கள். கூடையின் கயிற்றைத் தலையில்தான் போட வேண்டும். தோளில் மாட்டினால் உடல் முன்னே சாயும் விதம் வேறு, கழுத்து வேலை செய்வது வேறு. நீங்கள் அளக்க வந்தது தலைக்கயிற்று நடையை. இடுப்பைச் சுற்றிப் படங்கு (தடித்த விரிப்பு) கட்டிக்கொண்டு நடந்தால் முழங்கால் உயரும் அளவு குறையும், ஆகவே அதையும் எல்லாப் பதிவிலும் கட்டுவதா இல்லையா என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

பாதையைச் சாய்வு வாரியாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது. வடிகான் கடக்கும் இடத்தில் எல்லோரும் ஓர் எட்டு நீட்டி வைப்பார்கள். அந்த அடியைச் சராசரியில் சேர்த்தால் குழப்பும். நூலும் பாகைமானியும் கொண்டு சாய்வை அளக்கலாம், என் பிள்ளைகளுக்கு அதை ஒன்பதாந்தரத்திலேயே செய்து காட்டுவேன்.

பதில்: சைகை முறைவழியாக்கத்தில் பணிபுரிபவர்

ஆசிரியர் சொன்னது என் கண்ணுக்குப் படாமல் போனது. நான் கோப்புகளையே நினைத்தேன். அவர் பாதையை நினைத்தார். அவர் சொன்னபடி செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மறுபடி பதியும்போது அடியின் நீளத்தையும் கணிக்க ஆசை வரும். ஆர்முடுகலை இருமுறை தொகையிட்டால் தூரம் வரும் என்பது தாளில் உண்மை. உணரியில் 0.01 ஜி அளவு மாறா வழு இருந்தால் ஒரு செக்கனில் 5 சென்ரிமீற்றர்தான் பிழைக்கும். ஒரு நிமிடத்தில் அது 176 மீற்றராக வளரும், ஏனெனில் பிழை நேரத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது. பாதத்தில் கட்டிய உணரியானால், பாதம் தரையில் அசையாது நிற்கும் ஒவ்வொரு கணத்திலும் வேகத்தைப் பூச்சியமாக்கி அந்தப் பிழையை அடிக்கு அடி கழுவிவிடலாம். உங்கள் உணரி கீழ்க்காலில் இருக்கிறது. ஊன்றியிருக்கும்போதும் கீழ்க்கால் முன்னே சரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இந்த ஆறு வாரத்தில் நீளத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் அளவிடுங்கள்: ஊன்றிய நேரம், வீசிய நேரம், இரு பாதமும் ஊன்றிய நேரம், அடிக்கு அடி அவற்றின் மாறுபாடு. 1870களில் பிரான்சில் மாரே என்ற உடலியலாளர், காற்றறை வைத்த சப்பாத்தை அணிவித்து, நடப்பவர் கையில் ஏந்திச் சென்ற உருளையில் பதிந்ததும் இந்த நேரங்களையே. அவற்றிலிருந்தே எவ்வளவோ கற்க முடிந்தது.

மாணவியின் மறுமொழி, மூன்று வாரங்களின் பின்

எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். ஆழ்கற்றல் வேண்டும் என்ற இருவரே மணற்பைகளை நிறுத்துத் தைத்தார்கள். மழையால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இதுவரை எட்டுப் பேரின் பதிவு முடிந்திருக்கிறது. உணரியின் அளவெல்லையை உயர்த்தி, அடியைக் கண்டறியும் எல்லையை ஆளுக்கேற்ப மாற்றியபின், இறக்கத்தில் ஒளிப்பதிவில் எண்ணியதற்கும் நிரல் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசம் ஒருவருக்கும் இரண்டு அடிக்கு மேல் போகவில்லை.

பழைய மாதிரியைப் புதிய தரவில் ஓட்டியபோது, வெறுங்கூடையோடு இறங்கிய அனைவரையும் நிறைகூடை என்றது. நிறைகூடையோடு ஏறிய அனைவரையும் வெறுங்கூடை என்றது. ஆசிரியர் ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த அட்டவணையை அறிக்கையின் முதல் அத்தியாயத்திலேயே வைக்கிறோம். புதிய மாதிரி சுமையைப் பிரித்தறிவதில் இன்னும் சுமாராகத்தான் இருக்கிறது. ஆனால் மாதிரியே இல்லாமல், ஒவ்வொருவரையும் அவருடனேயே ஒப்பிட்டுப் பார்த்தால், இறக்கத்தில் நிறைகூடையோடு இரு பாதமும் ஊன்றும் நேரம் எட்டுப் பேரிலும் கூடுகிறது. ஏற்றத்தில் அவ்வளவு சீராக இல்லை. எட்டுப் பேர் மட்டும் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.

அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் தாயாரின் பதிவில், நிறைகூடையோடு இறங்கும்போது மட்டும், இடது கால் ஊன்றும் நேரம் வலது காலைவிடக் குறைவாக இருக்கிறது. சமதரையில் இரண்டும் ஒத்தே இருக்கின்றன. நான் எதுவும் சொல்லாமல் இரண்டு கோடுகளையும் மடிக்கணினியில் அவருக்குக் காட்டினேன். குட்டையான கோட்டின்மேல் விரலை வைத்து, ‘இது இந்தக் கால்தானே?’ என்று இடது முழங்காலைத் தொட்டார். எத்தனையோ வருடமாக வலிக்கிறதாம், எங்களிடம் சொன்னதில்லை. இதை மருத்துவரிடம் கொண்டுபோகலாமா? கொண்டுபோவதானால் எந்த வடிவில்?

பதில்: இயன்மருத்துவர், கண்டி

கட்டாயம் கொண்டுபோங்கள், தங்கச்சி. வலிக்கும் காலில் குறைந்த நேரம் நிற்பது உடலின் இயல்பு. நீங்கள் கண்டது அதனோடு பொருந்துகிறது. ஆனால் ஏன் வலிக்கிறது என்பதை உணரி சொல்லாது. முழங்காலைத் தொட்டுப் பார்த்து, தேவையென்றால் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். வரைபுக் கட்டை மருத்துவரிடம் நீட்டாதீர்கள், கிளினிக்கில் அவருக்கு அதற்கு நேரம் இராது. அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: சமதரையில் இரு காலும் ஒத்திருக்கின்றன, சுமையோடு இறங்கும்போது இடது கால் ஊன்றும் நேரம் குறைகிறது, வலி இத்தனை வருடம், எந்த வேலையின்போது கூடுகிறது. இறங்கும்போது எடுத்த ஒளிப்பதிவைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் செக்கன் போதும், பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும்.

அறிக்கையில் அவரைத் தனியாகக் குறிப்பிட நினைத்தால், மகள் என்ற முறையில் அல்லாமல் மற்றவர்களிடம் கேட்டதுபோலவே மறுபடி சம்மதம் கேளுங்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவரை வயதையும் முழங்காலையும் வைத்தே தோட்டத்தார் அடையாளம் கண்டுவிடுவார்கள். சந்திப்பு நாளுக்கு முன் அந்த அரைப் பக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.